சோறிட்டார் கடன்

பட்டினத்தடிகள் சரிதத்தில் ஒரு நாய் வருகின்றது. திருவிடைமருதூர்க் கோயிலின் கிழக்கு வாயிலில் அடிகளும், மேற்கு வாயிலில் அவர்தம் மாணாக்கராகிய பத்திரகிரியாரும் தங்கியிருந்த காலத்தில், பத்திரகிரியார் பிச்சையேற்ற ஓட்டில் மிஞ்சிய சோற்றை உண்டு ஒரு நாய் அவரைப் பிரியாது கிடந்தது. இரந்து வந்த ஒருவனை நோக்கி, மேற்கு வாயிலில் ஒரு குடும்பஸ்தன் இருக்கின்றான், அவனிடம் போய்க் கேள் என்று அடிகள் கூறினர் என்றும், அதைச் செவியுற்ற பத்திரகிரியார், ஓட்டையும் நாயையும் வைத்திருந்தமையாலன்றோ இப்பெயர் நமக்கு வந்தது என்று நொந்து ஓட்டை வீசியெறிய, அது நாயின் தலையிற்பட்டு நாய் மாண்டது என்றும் சொல்லுவர். அவ்வடிகளின் சமாதி திருவொற்றியூர்க் கடலருகில் இன்றும் இருக்கின்றது.

கதையில் அந்நாய்க்கு நேர்ந்த கதி எமக்கு உவப்பன்று. ஆயினும் அடிகள் தம் மாணாக்கர்க்கு இட்ட பெயரை யாம் பலகால் சிந்தித்ததுண்டு. வீதியில் திரியும் ஒரு பிராணிக்கு நாள் தவறாது சோறிடுபவன், தான் அறிந்தாலும் அறியாவிட்டாலும், அதற்குக் குடும்பஸ்தனாகி விடுகின்றான். குடும்பஸ்தனுக்குரிய கடன்கள் சோற்றோடு முடிவன அல்ல. நோயுற்றபோது மருந்தும், பிறரைத் துன்புறுத்தாவாறு காவலும், கணக்கின்றிப் பெருகாவாறு அளவும் அவன் பொறுப்பேயாம். துறவி ஓட்டை வீசிவிட்டு எழுந்து போகலாம். பட்டணத்தில் வாழும் நம்மனோர்க்கு அஃது இயலாது. இக்கடனை ஒருவர் தனித்துச் செலுத்துதல் அரிதாகையாலேயே பிராணி காப்பகம் என்னும் ஸ்தாபனம் ஒரு நகரத்திற்கு வேண்டப்படுகின்றது. அத்தகைய காப்பகம் ஒன்று வட சென்னையிலேயே, ராயபுரத்திற்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட நிலத்திலேயே, அமைதல் வேண்டும் என்பது எமது கருத்து.

இஃது எமக்கு வெறும் சொற்போர்ப் பொருளன்று. எமது விடுதியின் பின்வாயிலில் மூன்று நாய்கள் உள. ஒன்று கறுப்பன், ஒன்று செவலை, மற்றொன்று காலொன்று மடங்கிய முதிய பெண் நாய், அதனை மாணவர் கிழவி என்றே அழைப்பர். 2025 நவம்பர் 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையில், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டரங்கங்கள், பேருந்து நிலையங்கள், புகைவண்டி நிலையங்கள் ஆகியவற்றினின்று தெருநாய்களை அகற்றிக் காப்பகங்களிற் சேர்க்க வேண்டும் என்றும், பிடித்த இடத்திலேயே அவற்றை மீண்டும் விடலாகாது என்றும் கூறப்பட்டது. ஆணை ஆணையே, கீழ்ப்படிதல் எமது கடன். ஆனால் எந்தக் காப்பகத்தில் என்ற வினாவை எமது விடுதிக் கூட்டத்தில் ஒருவர் எழுப்பியபோது, அங்கிருந்த எழுபது பேரில் ஒருவராலும் விடை கூற முடியவில்லை.

வட சென்னையை அறியாத அன்பர் பொருட்டுச் சிறிது கூறுவோம். காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்தில் விடியுமுன்னர் ஏலம் நடந்து முடியும்போது மீன் கழிவு மிஞ்சுகின்றது. கொடுங்கையூரில் பல்லாண்டுகளாக நகரத்துக் குப்பை மலைபோற் குவிக்கப்பட்டு வந்தது. உணவுள்ள இடத்தில் நாய் உண்டாகும் என்பது இயற்கை. நாய் குப்பையைத் தேடி வந்ததேயன்றி நம்மைத் தேடி வரவில்லை. மற்றொருபால், சென்னைத் துறைமுகத்திற்கும் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கும் சரக்குப் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் நீண்ட லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிச் சாலையிலும் வரிசையாய் நிற்கின்றன. நண்பகல் வெயிலில் நிழல் என்று அந்நெடுஞ்சாலையில் வேறொன்றும் இல்லாமையால் நாய்கள் அவ்வண்டிகளின் சக்கரங்களுக்கிடையே படுத்துறங்கும். வரிசை நகரும்போது ஓட்டுநர் கண்ணுக்குக் கீழே உள்ளது தெரிவதில்லை. கிழவியின் கால் அவ்வாறு மடங்கியதேயாம்.

அந்நாளை யாம் மறக்கவில்லை. ஆடி மாதத்து மாலை நேரம். நாய் சாலையோரத்தில் அலறிக் கிடந்தது. அதனைச் சாக்கின்மேற் கிடத்தி எடுத்துக்கொண்டு மூன்று ஆட்டோக்களை நிறுத்தினோம். மூவரும் இரத்தத்தைக் கண்டு தலையசைத்துச் சென்றனர். நான்காமவர், மீன் கூடை ஏற்றும் சிறு வண்டியின் ஓட்டுநர், ஒன்றும் பேசாது பின்கதவைத் திறந்தார். அவரிடம் கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, நாயிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். வேப்பேரிக்கு யாம் போய்ச் சேர்ந்தபோது இரவாகியிருந்தது. அக்கால் பிழைத்தது என்று கூற முடியாது, நாய் பிழைத்தது.

வேப்பேரியைக் குறித்து ஒரு சொல். அங்குள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ஆம் ஆண்டு தொடங்கியது. அதனைச் சார்ந்த மருத்துவமனையே வட சென்னை மக்களுக்கு இன்றும் பெருந்துணை. ஆனால் மருத்துவமனை வேறு, காப்பகம் வேறு. கட்டுக்கட்டி மருந்து கொடுத்த பின்னர் உடையவர் இல்லாத பிராணி பதினைந்து நாள் எங்கே கிடப்பது? இவ்விடைவெளியை நிரப்பும் பழைய பெரிய ஸ்தாபனங்களுள் ப்ளூ கிராஸ் சங்கம் கிண்டியிலும், பெசன்ட் நினைவு மருந்தகம் அடையாற்றிலும் உள. இரண்டும் தென்பால். எண்ணூரிலிருந்து கிண்டிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறையாது. துறைமுகச் சாலையின் நெரிசலில் அவ்வளவு தூரம் உயிரைக் கையிற் பிடித்துச் செல்லுதல் எத்தகையது என்பதைச் சென்றவரே அறிவர். செங்குன்றத்தில் ஒரு காப்பகம் உண்டு; அதுவும் கடற்கரை ஊர்களுக்கு அண்மையதன்று. புகையும் சாம்பலும் லாரியும் வடக்கே வைக்கப்பட்டன. மருந்துச் சாலை தெற்கே வைக்கப்பட்டது. இதில் நாய்க்கு மட்டும் தனிநீதி இல்லை என்று எமது ஊரார் நகைப்பதுண்டு.

இனி, நாய்களைக் கொன்றொழித்தலே எளிதன்றோ என்று வினவுவார் பலர் உளர். அவர்க்கு விடை கூறச் சென்னையினும் தக்க ஊர் இல்லை. ஏனெனில் இந்நகரம் அதனை நூறாண்டுக்கு மேலாகச் செய்து பார்த்தது. நகரசபையார் 1860ஆம் ஆண்டளவில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கினர் என்றும், 1996இல் நாளொன்றுக்குச் சராசரி 135 நாய்கள் கொல்லப்பட்டன என்றும் ப்ளூ கிராஸ் சங்கத்தார் எழுதியுள்ளனர். மின்சாரம் பாய்ச்சிக் கொல்லுதலே வழக்கமாயிருந்தது. அவ்வாறு மாண்ட நாய்களின் தோல் மிகுதியாய்க் கிடைத்தமையால், அதனைக் கொண்டு கழுத்துப் பட்டியும் பணப் பையும் செய்யும் முறையை இந்நகரத்துத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்தனர் என்றும் அச்சங்கத்தார் கூறுவர். இத்துணைக்கும் நாய்கள் குறைந்தனவா? ஒரு வீதியின் நாய்களைப் பிடித்துச் சென்றால் அங்குள்ள உணவு அப்படியே கிடக்கின்றது. அடுத்த வீதி நாய்கள் அவ்விடத்தை வந்து நிரப்புகின்றன. பெண் நாய் ஏறத்தாழ ஒன்பது வாரத்தில் ஈனும். ஆண்டில் இருமுறையும் ஈனக்கூடும். கொல்லுவோர் எண்ணிக்கையை ஈனுவோர் எண்ணிக்கை எளிதில் வென்றது.

ப்ளூ கிராஸ் சங்கம் பிறந்த விதமும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1959ஆம் ஆண்டு, விமான ஓட்டியாகிய காப்டன் வி. சுந்தரம் என்பார், மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை எடுத்துத் தியாகராயநகரில் தம் இல்லத்தில் வைத்துக் காத்தார். மனைவியாரும் மக்களும் உடனுழைத்தனர். ஒரு குடும்பமே காப்பகமாயிற்று. 1964 முதல் அவர்கள் நகரசபையாரிடம் வேண்டியது ஒன்றே: கொல்லுதலை விட்டுக் கருத்தடைச் சிகிச்சை செய்யுங்கள் என்பது. அவ்வேண்டுகோள் 1996இல்தான் செவியேறியது. முப்பத்திரண்டு ஆண்டு! பின்னர் 2001இல் மத்திய அரசார் இம்முறையை நாடெங்கும் விதியாக்கினர். 2023இல் புதிய விதிகள் அவ்விடத்தில் வந்தன.

இம்முறை நடைபெறும் விதத்தை மாணவருட் பலர் அறியார். நாயை வலையிட்டுப் பிடிக்கும்போதே எவ்வீதியிற் பிடித்தது என்று குறித்துக்கொள்ளுகின்றனர். மருத்துவர் பரிசோதித்துக் கருத்தடைச் சிகிச்சை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் இட்டு, காதில் ஒரு சிறு வெட்டு அடையாளம் வைக்கின்றனர். புண் ஆறும்வரை கூண்டில் வைத்துப் பேணி, பிடித்த வீதியிலேயே விடுகின்றனர். பிடித்த இடத்திலேயே விடுதல் ஏன் என்று சினப்பவர் உண்டு. அந்நாய் தன் வீதியைக் காக்கும், ஊசி இடப்படாத அயல் நாயை உள்ளே விடாது, ஈனவும் ஈனாது. ஒரு பகுதியின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி இடப்படின் அங்கு வெறிநோய் பரவுதல் அற்றுப்போகும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் கொள்கை. எழுபது என்பதே உயிர்நிலை. முப்பது நாய்க்குச் சிகிச்சை செய்து நிறுத்திவிடின், எஞ்சிய எழுபதும் அவ்வுழைப்பை ஓராண்டில் அழித்துவிடும்.

சென்னை தடுமாறியது இவ்விடத்திலேதான். 2011இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் முதலியன மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டு நகரத்தின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆயிற்று. நிலம் பெருகிய அளவிற்குச் சிகிச்சை நிலையங்கள் பெருகவில்லை. வடக்கே நெடுங்காலம் புளியந்தோப்பு நிலையத்தையே நம்பியிருக்க நேர்ந்தது. 2018இல் எடுத்த கணக்கில் ஏறத்தாழ 57,000 ஆயிருந்த தெருநாய்கள், 2024இல் எடுத்த கணக்கில் 1,81,000 ஆயின. அவற்றுட் கருத்தடை செய்யப்பட்டவை நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே மிகுதி. ஆகவே இம்முறை தோற்றது என்பாரை யாம் மறுக்கின்றோம். அரைகுறையாய்ச் செய்யப்பட்டது என்பாரோடு உடன்படுகின்றோம்.

எம்மை நோக்கிக் கேட்கப்படும் வன்மையான வினா ஒன்று உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. 2023 நவம்பரில், ராயபுரம் ஜி. ஏ. சாலையில், ஒரே நாய் சுமார் ஒரு மணி நேரத்திற்குள் இருபத்தைந்துக்கு மேற்பட்டோரைக் கடித்தது. பள்ளிக்குச் சென்ற சிறாரும் அவருட் சேர்ந்தவர். அவர்கள் ஸ்டான்லி மருத்துவமனையிற் சிகிச்சை பெற்றனர். நாயை ஜனங்கள் அடித்துக் கொன்றனர்; பின்னர் நடந்த பரிசோதனையில் அதற்கு வெறிநோய் இருந்தமை தெளிவாயிற்று. அவ்வீதியில் நின்ற தாயொருத்தியிடம் சென்று ஜீவகாருண்யம் பேச எமக்கு நாவெழாது. வெறிநோய் தோன்றிய பின் மருந்தில்லை. இந்தியாவில் அதனால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 5,700 பேர் இறக்கின்றனர் என்று அண்மை ஆராய்ச்சியொன்றும், 18,000 முதல் 20,000 பேர் வரை என்று உலக சுகாதார ஸ்தாபனமும் கணித்துள்ளன. எந்த எண்ணை மெய்யென்று கொண்டாலும் அஃது எண்ணிக்கையன்று, அவ்வளவு பிணங்கள்.

நம் பாட்டனார் காலத்தில் நாய்க்கடி என்றால் குன்னூருக்குப் பயணம். 1907இல் அங்குத் தொடங்கிய பாஸ்டர் நிலையத்திற்குத் தென்னாட்டினின்றெல்லாம் கடியுண்டோர் சென்றனர். வயிற்றைச் சுற்றிப் போட்ட ஊசிகளின் கதையைச் சொல்லி அஞ்சுவித்த முதியோரை இன்றும் காணலாம். இன்று அத்துன்பம் இல்லை. புண்ணைச் சவர்க்காரமிட்டுக் கால் மணி நேரம் நீரிற் கழுவி, உடனே அரசினர் மருத்துவமனைக்குச் சென்றால், கையில் இடும் சில ஊசிகள் உயிரைக் காக்கும். ஆயினும் கடியுண்ட ஒருவர்க்கு ஊசி இடுதல் வழியின் கடைசிப்படி. முதற்படி நாய்க்கு இடுதல். ராயபுரத்தில் அன்று ஓடிய அந்நாய் ஏதோ ஒரு வீட்டு வாயிலில் சோறுண்டு வளர்ந்ததாகவே இருக்க வேண்டும். சோறிட்டவர் கையே அதற்கு ஊசி இடுவித்திருந்தால், அத்தாயும் அச்சிறாரும் அந்நாயுங்கூட அன்று அத்துன்பம் உற்றிரார். மனிதர் முதலா, பிராணி முதலா என்னும் வழக்கு இவ்விடத்திற் பொருளற்றுப் போகின்றது. ஓர் ஊசியே இருவர்க்கும் மருந்து.

இக்காரணத்தால் காப்பகம் என்பதற்கு யாம் கொள்ளும் பொருளைச் சற்று வரையறுத்துக் கூற விரும்புகின்றோம். நாய்களையெல்லாம் பிடித்து அடைத்துச் சாகும்வரை சோறிடும் பெருங்கொட்டிலை யாம் வேண்டவில்லை. நெருக்கமாய் அடைத்த இடத்தில் ஒரு குட்டிக்குப் பார்வோ என்னும் வயிற்றுக்கழிச்சல் கண்டால் சில நாளில் குட்டிகள் வரிசையாய் மடியும். வீதியில் வளர்ந்த நாய்கள் கூண்டில் ஒன்றையொன்று கடித்துக் குதறும். அருள் மிக்கோர் நடத்தும் இடங்களிலும் இது நிகழ்வதுண்டு. ஒரு காப்பகத்தின் பெருமை அதனுள் எத்தனை பிராணிகள் இருக்கின்றன என்பதில் இல்லை. எத்தனை நலமுற்று வெளியே சென்றன என்பதிலேயே உள்ளது. வாயிலின் வழியே வந்தது, ஆறியது, போயிற்று என்றிருக்க வேண்டும். மூப்பாலும் முடத்தாலும் போக்கிடமற்ற சிலவற்றுக்கும், நீதிமன்ற ஆணைப்படி திரும்ப விடலாகாதனவற்றுக்குமே நிலையான இடம் வேண்டும். அவ்விடமும் காற்றோட்டமும் வெளியும் உள்ளதாய், ஆணை நிறைவேறுவதற்கு முன்னரே கட்டப்பட்டதாய் இருத்தல் முறை. இடம் அமைக்காது பிடித்தல் வண்டியிலேயே கொல்லுதலினும் சிறிதே மேலானது.

நாய் மட்டுமன்று. 2024 ஜூனில் திருவொற்றியூரில் ஓர் எருமை வீதியிற் சென்ற பெண்ணொருத்தியைக் கொம்பிற் கோத்து இழுத்துச் சென்றது. அவ்வெருமையும் உடையவரால் மேய்ச்சலற்ற நகரத்தில் அவிழ்த்து விடப்பட்ட ஒன்றேயன்றோ. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பாலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்திற் பரவியது. கூழைக்கடா நாரைகள் கரிய மேனியோடு திரிந்ததைக் கண்டோர் பலர். இறகில் எண்ணெய் படிந்தால் நீர் உள்ளே புகும். பறவை குளிரால் நடுங்கும். அலகாற் கோதும்போது நஞ்சு வயிற்றிற் சேரும். பறக்கும் வலிமை உள்ளவரை அவை பிடிக்குள் அகப்படா. அகப்படும் நிலையில் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். பிடித்த பறவையை உடனே கழுவவும் ஆகாது. முதலில் வெதுவெதுப்பில் வைத்து, நீராகாரம் ஊட்டித் தேற்றிய பின்னரே கழுவ வேண்டும். இவற்றையெல்லாம் கற்றறிந்த கைகளும், கொதிநீரும், தொட்டியும் முகத்துவாரத்திற்கு அருகிலேயே ஆயத்தமாய் இருந்திருப்பின் என்று யாம் எண்ணாத நாளில்லை. எண்ணெய் கசிவது அப்பகுதிக்குப் புதிதன்று. 2017 ஜனவரியிலும் இரு கப்பல்கள் மோதிக் கடல் கறுத்தது.

'ஜீவகாருண்யம்' என்னும் சொல்லைத் தம் வாழ்வாக்கிக் கொண்ட இராமலிங்க அடிகள் ஏழுகிணற்று வீட்டிலிருந்து திருவொற்றியூர்க்கு நடந்தே சென்று வழிபட்டவர். அவர் நடந்த அவ்வழி இப்பொழுது லாரி வழி. இதற்குமேல் அதனைக் குறித்து எழுதினால் பிரசங்கமாய்விடும் என்று அஞ்சி நிறுத்துகின்றோம்.

இடமா இல்லை? துறைமுகத்தைச் சுற்றிப் பயனின்றிக் கிடக்கும் கிடங்குகள் எத்தனை! மாநகராட்சியின் முதலாம் மண்டலம் திருவொற்றியூர். ஐந்தாம் மண்டலம் ராயபுரம். இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு கிடங்கு, ஒரு மருத்துவர், இரண்டு உதவியாளர், ஒரு வண்டி. மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அதன் மாணவர்க்கு அங்கே பயிற்சி கிடைக்கும். சாலையை நிறைக்கும் தொழிற்சாலைகளும் சரக்கு நிலையங்களும் இதற்குப் பொருளுதவி செய்தல் தருமமன்று, கடன். அவர்தம் சக்கரங்களே நோயாளிகளை அனுப்புகின்றன.

எம்மையும் விட்டுவிடவில்லை. கறுப்பனுக்கு எமது விடுதியார் நான்காண்டு சோறிட்டனர். அந்நான்காண்டில் ஒருமுறையேனும் அதற்கு வெறிநோய் ஊசி இடப்பட்டதா என்று ஒருவரும் கேட்டதில்லை. ராயபுரத்துச் செய்தி வந்த மறுநாளே யாம் அஞ்சி அதனைச் சிகிச்சைக்குக் கொண்டு சென்றோம். அருளினாற் சென்றோம் என்று எழுத ஆசைதான், அச்சத்தினாற் சென்றோம். அதன் பின்னர் ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றோம். நாயின் பெயர், நிறம், காதடையாளம், ஊசியிட்ட நாள், அடுத்து இட வேண்டிய நாள் என்று ஐந்து கட்டங்கள். சமையற்கூடத்து எச்சிலைத் திறந்த தொட்டியிற் கொட்டும் வழக்கமும் நின்றது. வளாகத்தின் பின்மதிலில் இருந்த இடிவை அடைத்தாயிற்று.

நீதிமன்ற ஆணைக்குப் பின் மூன்று நாய்களும் மதிலுக்கு அப்பாலுள்ள வீதியில் இருக்கின்றன. வீதி நாய் என்ற கணக்கில் அவற்றுக்கு இப்பொழுது இடம் உண்டு. கல்லூரி நாய் என்ற கணக்கில் இல்லை. கிழவியால் லாரிச் சாலையில் ஒதுங்கி ஓட இயலாது என்பதால், அதற்கு நிலையான இடம் ஒன்று தேடி மூன்று காப்பகங்களுக்கு எழுதினோம். இருவர் இடமில்லை என்று பணிவோடு மறுமொழி விடுத்தனர். மூன்றாமவர் வரிசையிற் பெயர் எழுதியுள்ளதாகவும், பதினேழு நாய்கள் அதற்கு முன் உள்ளதாகவும் தெரிவித்தனர். இரவு ஒன்பது மணிக்குச் சோற்றை மதிலுக்கு வெளியே கொண்டுபோய் வைக்கின்றோம். குறிப்பேட்டின்படி கிழவிக்கு அடுத்த ஊசி தை மாதத்தில்.